சிவப்புச் சரளை

வடக்கு டகோட்டாவில் அக்டோபர் மாதம்
சிமென்ட் தரையில் மண்டியிட
ஒரு அட்டையாவது வேண்டும்.
வாஷிங் மெஷின் வந்த பெட்டியைக் கிழித்து விரித்தேன்.
காற்று இரண்டு முறை கொண்டுபோனது.
மூன்றாம் முறை ஸ்பேர் டயரைத் தூக்கி அதன்மேல் வைத்தேன்.

ஜாக், ஸ்டென்ருட் வீட்டு இரவல்.
வண்டியைத் தூக்கும் முன்பே நட்டுகளை இளக்கிவிட வேண்டும்.
ஐந்து இளகின.
ஆறாவது பிடித்த பிடியை விடவில்லை.
ஸ்பானர் மேல் ஏறி நின்றேன், குதித்தேன்,
கீச்சென்று ஒரு கத்தல்,
அப்புறம் வழிக்கு வந்தது.

பின்னால் இருப்பவை நேரே முன்னுக்கு.
முன்னால் இருப்பவை குறுக்கே கடந்து பின்னுக்கு.
கடையில் இதற்கு நாற்பது டாலர் கேட்கிறார்கள்.

இடது பின் டயரைக் கழற்றி உருட்டும்போதுதான் பார்த்தேன்.
எங்கள் பக்கத்துச் சரளை சாம்பல் நிறம்.
பள்ளத்தில் மாட்டியிருந்ததோ சிவப்பு,
சூளையில் வெந்த செங்கல் சிவப்பு.
எண்ணெய்க் கிணறுகளுக்குப் போகும் சாலையில்
அந்தக் கல்லைத்தான் கொட்டுவார்கள்,
மேற்கே நூறு மைல்.

மூன்று வாரம் வண்டி ஆர்லினிடம் இருந்தது.
"ஹார்டுவேர் கடைக்கு மட்டும்தான்" என்று
சாவியை வாங்கிக்கொண்டு போன என் தம்பி.
ஜூன் மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில்,
தோளில் மூன்று ஸ்க்ரூவோடு,
"அங்கே இனி கால் வைக்க மாட்டேன்" என்றவன்.

கால் வைக்கவில்லை, சரி.
டயர் வைத்திருக்கிறான்.

ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன்.
கல் தெறித்து ஹப்-கேப்பில் விழுந்தது,
நட்டுகளோடு நட்டாக.

ஆர்லின் காபியோடு வந்தான், இரண்டு கோப்பை,
ஒன்றில் எனக்குப் பிடிக்காத அளவு சர்க்கரை.
"நகரு, நான் முடுக்குறேன்."
இடது கையால்தான் முடுக்கினான்,
ஒன்று விட்டு ஒன்று, எதிரும் புதிருமாய்,
சக்கரம் கோணாமல் உட்காரும்படி.
பார்க்காமலே கையை ஹப்-கேப்புக்குள் விட்டு எடுத்து வந்தவன்
ஆறுக்கு அப்புறமும் ஒன்று கையில் தட்டுப்பட
குனிந்து பார்த்தான்.

ஒன்றும் கேட்கவில்லை அவன். நானும்தான்.
ஸ்டென்ருட்டின் நாய் எதற்கோ குரைத்தது.
கல்லைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஜாக்கை இறக்கினேன்.
வண்டி தன் கனத்தை மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டது.

"ஐம்பது மைல் ஓடினதும்
நட்டையெல்லாம் இன்னொரு தடவை முடுக்கணும்" என்றான்,
தரையைப் பார்த்துக்கொண்டே.

"பாதி வழியில ஒரு பெட்ரோல் பங்க் இருக்கில்ல,
அங்க நிறுத்தி முடுக்கு" என்றேன்.
ஸ்பானரை
சீட்டுக்கு அடியில் வைத்தேன்.