மூக்கையூர், முப்பது நொடி

முக்காலியின் மூன்று காலையும்
ஒரு சாண் ஆழம் மணலுக்குள் இறக்கினேன்.
சாயல்குடி ஐஸ் கம்பெனிக் காலண்டரில்
செப்டம்பர் மாதம் என்னுடையது:
விடியுமுன் துறை, கரையேற்றிய வள்ளம் ஒன்று,
மேலே கொஞ்சம் நட்சத்திரம்.
முன்பணம் இரண்டாயிரம்.
பாதி போன வாரமே பெட்ரோலாகிவிட்டது.

சோழகம் ஓய்ந்து நாலு நாள்.
கொடிக்கம்பத்துத் துணிகூடத் தொங்கித்தான் கிடந்தது.
கேமராவைத் தொடாமல் ரிமோட்டை அழுத்தி
மூச்சை அடக்கி
முப்பது நொடி நின்றேன்.

படம் கலங்கியிருந்தது.

வள்ளத்தின் பெயர் ஆரோக்கிய அன்னை.
யாரோ எழுதியதன் மேலேயே
அரை நூல் தள்ளி
இன்னொருவர் எழுதியதுபோல்
இரண்டு அன்னைகள்.
திருகுகளை இறுக்கினேன்.
பையில் மணலள்ளி நடுத்தண்டில் தொங்கவிட்டேன்.
எட்டடி தள்ளி நின்றேன், என் நிழல்கூடப் படாமல்.
மறுபடியும் இரண்டு.

அப்புறம்தான் காதை வைத்துக் கேட்டேன்.
லென்ஸுக்குள்
குடத்தில் அகப்பட்ட வண்டு மாதிரி
விடாமல் ஒரு முனகல்.

ஆறு வருசமாக அணைத்ததே இல்லை.
கல்யாண மண்டபங்களில்
காலையிலிருந்து ஒரு காபியோடு நிற்கிறவனின் கையை
அதுதான் தாங்கியிருக்கிறது.
நான் இடம் சாய்ந்தால் அது வலம்,
நான் குனிந்தால் அது நிமிரும்.
இன்றைக்கு நான் இல்லை, கை இல்லை,
தாங்க ஒன்றுமே இல்லை.
சும்மா இருக்கத் தெரியாமல்
தன் மோட்டார் அதிர்வதையே நடுக்கமென்று பிடித்து
அதைத் திருத்தி,
திருத்தியதால் ஆடியதையும் திருத்தி,
இல்லாத அலைக்குத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தது.

தங்கல் போன படகொன்று வந்து அணைந்தது.
முதலில் குதித்தவன் சூசைமிக்கேல்,
என்னைவிட நாலைந்து வயது இளையவன்.
தளத்தில் நின்றவன் நிற்கவில்லை,
இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு.
"தண்ணி இருக்காண்ணே?
குடிச்சிட்டு வந்திருக்கேன்னு நெனச்சிராதிய.
மூணு ராத்திரி.
கரை ஆடுது."
பாட்டிலை வாங்கி
சிந்தாமல் குடித்தான், ஆடிக்கொண்டே.

லென்ஸின் இடது விலாவில் சின்ன ஸ்விட்ச்.
உப்பும் மணலும் ஏறி இறுகியிருந்தது.
நகம் ஒடியத் தள்ளினேன்.
டக்.
முனகல் நின்ற பிறகு
கடல் எவ்வளவு சத்தம் போடுகிறது என்று தெரிந்தது.

முப்பது நொடி.

ஓர் அன்னை.
கொம்பு ற-வின் வளைவுபோல் கூர்மையாய்
நங்கூரக் கயிற்றின் முறுக்கு.
தளத்து விளக்கு ஒரே விளக்கு.
நட்சத்திரங்கள் மட்டும்
சீரகம் அளவுக்கு நீண்டிருந்தன;
அது பூமி நகர்ந்தது,
அதற்கு நான் பொறுப்பில்லை.
ஓரத்தில், வலைக்குவியல் மேல் உட்கார்ந்தவன்
இடுப்புவரை தெளிவாக இருந்தான்.
அதற்கு மேல் புகை.

காலண்டருக்கு அவன் எழுந்து போனபின் எடுத்ததைக் கொடுத்தேன்.
இது என்னிடம் இருக்கிறது.

அடுத்த முகூர்த்தம் கமுதியில்.
ஸ்விட்ச் ஞாபகமே இல்லை.
மங்கல் வெளிச்சம், மூன்றாம் முடிச்சு,
பின்னாலிருந்து யாரோ இடிக்க
நான் அழுத்தினேன்.

மாப்பிள்ளைக்குக் கை நடுங்கிவிட்டதென்று
ஆல்பத்தைப் புரட்டும் ஒவ்வொருவரும் சிரிக்கிறார்கள்.
அவரும் சிரித்து ஒப்புக்கொண்டுவிட்டார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.