இரண்டு அங்குல வார்

முதுகுத் தகடு எஃகு. மூன்று கிலோ.
நடுவில் ஒரு மடிப்பு, முதுகெலும்பு போய் உட்கார.
என்னுடையது அங்கே உட்காராது.
எவனோ ஆறடி ஆளை நிற்கவைத்து
அளவெடுத்த மடிப்பு.

தோளுக்கு இரண்டு அங்குல நைலான் வார்,
ஒரே துண்டு, வெட்டில்லை ஒட்டில்லை.
கவட்டுக்கு இன்னொன்று.
அதைப்பற்றிப் பேச்செடுத்தால்
படகில் எல்லாரும் கடலைப் பார்ப்பார்கள்.
பின்னால் காற்றுப்பை. சிறகு என்று பெயர்.
பார்த்தால் லாரி டியூப்பின் தங்கச்சி.

நாகையிலிருந்து ஒன்றரை மணி நேரம் கிழக்கே
மீனுக்கென்று இறக்கிவைத்த கான்கிரீட் கூடுகள்.
பத்தொன்பது மீட்டர்.
எத்தனை குடும்பம் குடிவந்திருக்கிறது என்று
எண்ணி எழுதுவது என் வேலை.
மாதம் ஆறு நாள், கடல் விட்டால்.

வண்டி நிற்கும் இடத்திலிருந்து படகுவரை
நூற்று நாற்பது எட்டு, சிலிண்டரோடு.
நூறாவது எட்டில் காறையெலும்பு வாய்திறக்கும்.
ராத்திரி கண்ணாடியில் பார்த்தால்
இரண்டு தோளிலும் சிவப்பாக
வாய்க்கால் வெட்டியிருக்கும்.

வெளிப்பாளையத்தில் கார் சீட் தைக்கும் ஜெகபர்
வாரை நீட்டிப் பார்த்து,
"என்னம்மா, பள்ளிக்கூடப் பையா?" என்றார்.
கிட்டத்தட்ட, என்றேன்.
ஸ்பாஞ்சு வைத்து, மேலே அரக்கு நிற ரெக்சின்
(ஏதோ மாப்பிள்ளை காருக்குப் போட்ட மிச்சம்)
இரட்டைத் தையல். முந்நூற்றைம்பது.
மறுநாள் நூற்று நாற்பது எட்டும்
மெத்தைமேல் நடந்தேன்.

குதித்தேன்.
இறங்கவில்லை.
கல்யாண வீட்டில் கிளம்பும்போது
கையைப் பிடித்து இழுத்து, சாப்பிட்டுப் போ என்பார்களே,
அப்படி இரண்டு தோளையும் பிடித்து
மேலேயே நிறுத்தியது ஸ்பாஞ்சு.
ஒரு கிலோ ஈயம் கேட்டு வாங்கினேன்.
பிறகு இன்னொன்று.
சொகுசை அமுக்க ஈயம் கட்டிய முதல் ஆள்
நானாக இருக்கமாட்டேன்.

அடியில் போய்த் தொட்டுப் பார்த்தால்
ஊத்தப்பம் அப்பளமாகிக் கிடக்கிறது.
வார் தொளதொளத்து, தகடு
இந்தப்பக்கம் ஒருதரம் அந்தப்பக்கம் ஒருதரம்.
ஐப்பசி. வெட்டாறு கக்கிய வண்டல்
அதுவரை வந்து நிற்கிறது, கை தெரியவில்லை.
விளக்கு மாட்டிய வளையத்தைத் தேடுகிறேன்.
விரலுக்குப் பழகிய இடத்தில்
ரெக்சின்தான் இருக்கிறது.
அன்று எண்ணிக்கைத் தாளில்
பாதிக் கூடு காலி. மீன் மேல் தப்பில்லை.

அந்த இருட்டில் ஒன்றும் தெரிந்தது.
வார் என் தோளைத் தொடவே இல்லை.
எத்தனை நாளாய்த் தொடாமல் இருந்ததோ.
எஃகு, சிலிண்டர், நான்,
மூன்றையும் தண்ணீர் தூக்கி வைத்திருக்க
தோளுக்கு அங்கே உத்தியோகமே இல்லை.

ஏணியில்தான் திருப்பித் தரும்.
முதல் படியில் கொஞ்சம், மூன்றாம் படியில் பாதி,
நின்றதும் முழுக்கணக்கு,
நனைந்த ஸ்பாஞ்சின் எடையும் சேர்த்து.

கீவளூர் கொள்முதல் நிலையத்தில்
நாற்பது கிலோ மூட்டை தூக்குகிறவர் என் வீட்டுக்காரர்.
தோசை ஊற்றிக்கொண்டே கதையைச் சொன்னேன்.
கடைசிவரை கேட்டுவிட்டு,
"சும்மாட்டையும் சேத்து
லாரியில ஏத்துவாங்களா?" என்றார்.
சட்னி போதவில்லை என்றும் சொன்னார்.

பிளேடால் தையலைப் பிரித்தேன்.
வாரை இரண்டு விரல் நுழைய நெகிழ்த்தினேன்.
இத்தனை நாள் இறுக்கிக் கட்டியது
பயத்தில்தான் போல.
வளையத்தை இறக்கிப் பழைய இடத்தில் வைத்தேன்,
கண்ணை மூடிக்கொண்டு, மூன்று தடவை தேடிப் பார்த்து.
மடிப்பு இன்னும் எனக்குப் பொருந்தவில்லை.
கவட்டு வாரும் அப்படியேதான்.

இப்போது தோளுக்கொன்றாய் இரண்டு ஈரிழைத் துண்டு,
நாலாக மடித்து, நூற்று நாற்பது எட்டுக்கு மட்டும்.
படகு விளிம்பில் உட்கார்ந்ததும் உருவி
அஞ்சப்பனிடம் எறிவேன்.
ஒன்றை எஞ்சின் மூடிமேல் போட்டு உட்காருவார்.
மற்றதில் முகம் துடைப்பார்.
நான் பின்பக்கமாகச் சரிவதற்குள்
துவைக்கிறதுண்டா இதை, என்று கேட்பார்.