எரியுதா அண்ணாச்சி

எண்பத்திரண்டு சதவீதம் இருக்கு.
பணகுடி தாண்டி, மசங்குற நேரம்.
கதவைத் திறந்தா ஆடிக்காத்து பிடுங்குது.
கண்ணுக்கெட்டின காற்றாலை எல்லாம் சுத்துது,
என் வண்டி மட்டும் 'பி'யில.

குமிழைத் திருகுனேன். 'டி' விழல.
'பிரேக்கை மிதிக்கவும்'னு திரை சொல்லுது.
மிதிச்சுக்கிட்டுதான இருக்கேன்,
கெண்டைக்கால் நோவ.

சார்ஜ் மூடி பாத்தாச்சு. பெல்ட் போட்டாச்சு.
அணைச்சுப் பூட்டி
உடைமரத்தோரம் அஞ்சு நிமிஷம் நின்னு
திரும்பத் திறந்தாச்சு.
கஸ்டமர் கேர்ல இன்னும் பாட்டு ஓடுது.

பஞ்சர் கடை சொரிமுத்து வந்தார்.
பேனட்டைத் திறக்கச் சொல்லல.
"நீங்க மிதிங்க. நான் பின்னால நிக்கேன்."
"சிவப்பு எரியுதா அண்ணாச்சி?"
"எரியலயே தாயி."

நிக்கத் தெரியும்னு காட்டுனாத்தான்
போக விடுமாம் இது.

என் காலடியில தலையை விட்டு
பெடலுக்கு மேல துழாவுனார்.
பொத்தான் அளவு சுவிட்ச்,
கழண்டு தொங்குன பிளக்.
டிக்.

மறுபடி பின்னால போனார்.
மிதிச்சேன்.
கண்ணாடியில, அவர் வெள்ளை வேட்டி
முழங்கால் வரைக்கும் சிவந்து கிடக்கு.
கையைத் தூக்கி என்னமோ கத்துதார்,
காத்து அதைக் காவல்கிணறு பக்கமாக்
கொண்டுபோகுது.