எல்லாம் மாற்று

இணுவில் வேலிகளைப் பற்றிய கட்டுரை.
பதினொரு பேர் கூடி எழுதியது.
இரவு பன்னிரண்டுக்கு நான் போய்
எழுத்துப்பிழை திருத்தியைத் தட்டி
'எல்லாம் மாற்று' என்றுவிட்டுப் படுத்தேன்.

விடிய, மானிப்பாயிலிருந்து தயாநிதியின் குறிப்பு:
"கடுகு வேலி எந்த ஒழுங்கையிலை அண்ணை?
வருசா வருசம் கத்தியால் போட்டு
எல்லை காத்த சனம் ஆர்?"

கிடுகு, கடுகாகியிருந்தது.
கதியாலெல்லாம் கத்தியால்.
தன்னிடம் இல்லாத சொல்
அதற்குப் பிழை.
எனக்குத் தெரியுமே,
நானல்லவா பார்த்திருக்க வேணும்.

தேத்தண்ணி ஆறிப்போக
ஒவ்வொன்றாய்த் திருப்பினேன்.
ஒரு ‘த்’, இன்னொரு ‘த்’.
கை பழகி ஓடத் தொடங்கிய நேரம்
இருபத்தாறாவதில் நின்றது:

"பூவரசந் தடியின் அடியைக்
கத்தியால் சரித்துச் சீவி நடுவர்."

இது மெய்யாகவே கத்தி.
தொடவில்லை.