செவ்வாய், வெள்ளி

மூன்றாவது முறையும் சிறுநீர்த் தொற்று என்றார்கள்.
மூன்றாவது முறையும் மாத்திரையை மிச்சமில்லாமல் முடித்தேன்.
ஈசூன் இன்டர்சேஞ்ச் கேண்டீனில்
பார்லித் தண்ணீர் ஊற்றுகிற அக்கா
என்னைக் கண்டதும் பெரிய குவளையை எடுப்பாள்.
ஏன் என்று கேட்டதில்லை.

எரிந்தது.
ஒவ்வொரு வேகத்தடையிலும்
இருக்கை உப்புத்தாளாகித் தேய்த்தது.
இரட்டை மாடி பஸ்,
கண்ணாடியில் அத்தனை பேர் முகமும் தெரியும்.
என் முகத்தில் எதுவும் தெரியவிடாமல்
ஓட்டினேன் ஒரு வருஷம்.

பாலிகிளினிக்கில் அன்று புது டாக்டர், க்வெக்.
கடைசி மாதவிலக்கு எப்போது?
நாலு வருஷம், சர்க்யூட் பிரேக்கர் முடிந்த மாதம்.
அப்புறம் இரத்தம் பட்டதா? இல்லை.
மார்பில் புற்று, கட்டி? இல்லை.
அடுத்த கேள்விக்கு
சுவரொட்டியில் இருந்த டெங்கிக் கொசுவைப் பார்த்து
பதில் சொன்னேன்:
ரொம்ப நாளாச்சு. வலிக்கும்.

பரிசோதித்துவிட்டு,
கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:
இது தொற்றே இல்லை.
ஈஸ்ட்ரோஜன் குறைந்து
உள்தோல் மெலிந்து உலர்ந்திருக்கிறது.
பாதிப் பெண்களுக்கு வரும்,
வந்தவர்களில் பலர் சொல்வதில்லை.

ஒரு க்ரீம்.
இரண்டு வாரம் தினமும் இரவில்.
பிறகு வாரம் இரண்டு நாள்,
மறக்காத நாளாக நீங்களே வையுங்கள்.

செவ்வாய், வெள்ளி.
வாய் தானாகச் சொன்னது.
தலைக்கு எண்ணெய் வைக்கிற நாள்.
பஸ் ஓட்ட வந்ததும் எண்ணெய் நின்றுபோனது,
நாள் மட்டும் உடம்புக்குள் தங்கியிருந்திருக்கிறது.

மருந்துக் கவுண்டரில் இருந்த பையன்
குழலைக் காற்றில் பிடித்து
எதுவரை அழுத்தவேண்டும் என்று காட்டினான்.
அவன் காது சிவந்தது.
என் காது சிவந்தாலும் தெரியாது,
அது ஒரு வசதி.

ட்யூபைப் பற்பசைக்குப் பின்னால் வைத்தேன்.
ஆறாம் நாள் பொன்னுரங்கம் கேட்டார்,
"குதிகால் வெடிப்புக்கா இது?"
ஆமாம் என்றேன்.
அதுவும் தானாக வந்தது.

பத்தாம் நாள்
துறைமுகத்தில் பன்னிரண்டு மணிநேரம் நின்ற காலை
மடிமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு
குளியலறை ஸ்டூலில் உட்கார்ந்து,
அரை கிராம் அரை கிராமாக நான் கணக்குப் பார்த்ததை
தாராளமாகத் தடவிக்கொண்டிருக்கிறார்.

முதலில் சிரிப்பு வந்தது.
நிற்கவே இல்லை.
பிறகு அது வேறு எதுவாகவோ மாறி
மூடிய கழிப்பறைமேல் உட்காரவைத்தது.

"என்ன, சொல்லியிருக்கலாமே."
எந்த வார்த்தையில்?
கோயில் கல்லுக்கு ஒரு வார்த்தை வைத்திருக்கிறோம்.
வசவுக்கு ஒன்று,
டிப்போவில் தினமும் கேட்கிறேன், நாலு மொழியில்.
டாக்டருக்கு இங்கிலீஷ் இருக்கிறது.
இருபத்தெட்டு வருஷத்தில்
எனக்கும் இவருக்கும் ஒன்றுமில்லை.

"அங்க" என்றேன்.
"அங்க காஞ்சு போச்சு.
திரும்பிப் படுத்தது உங்க மேல கோவத்துல இல்ல.
நீங்க அப்படித்தான் நெனச்சீங்க, தெரியும்."

அவர் குதிகாலைத் துண்டால் துடைக்கத் தொடங்கினார்,
எடுத்ததைத் திருப்பித் தந்துவிடலாம் என்பதுபோல.

எட்டாவது வாரமோ ஒன்பதாவதோ,
ஒரு வேகத்தடையைத் தாண்டி
அடுத்த நிறுத்தம் வந்த பிறகுதான் தெரிந்தது
நான் பல்லைக் கடிக்கவில்லை என்று.
அக்கா பெரிய குவளையை எடுத்தாள்.
இன்றைக்குத் தே ஓ போதும் என்றேன்.
ஏன் என்று கேட்கவில்லை.

மற்றதற்கு அவசரமில்லை.
ஒரு நாள் பாதியில் நிறுத்தினோம்.
இன்னொரு நாள் நிறுத்தவில்லை.

இரவு ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது
சப்பாத்து வாரை இழுத்துக் கட்டிக்கொண்டே
கதவைப் பார்த்துச் சொல்கிறார்:
"இன்னிக்கு வெள்ளி."
ஆமாம், வெள்ளி.

அவருடைய இடது குதிகால் மட்டும்
இன்னும் மெத்தென்று இருக்கிறது.