இருபது நாள்

எங்காடீனில் எங்கள் ஊரில்
வீடு கட்டுமுன் அதன் எலும்பைக்
காற்றில் நட்டுக் காட்ட வேண்டும்.
மூலைக்கொரு கம்பம்,
உச்சியில் கூரைச் சரிவுக்கு ஒரு சட்டம்.
இருபது நாள். யாரும் ஆட்சேபிக்கலாம்,
எழுத்தில் மட்டும், கையொப்பத்தோடு.

டூரி காவியேட்செல் ஆறு பிரதி தந்தான்:
நாலு மாடி, பன்னிரண்டு குடியிருப்பு,
கழிவுநீர் இணைப்பு, பனிச்சரிவு அறிக்கை.
வரைபடத்தில் வடக்கு அம்பு இல்லை.
திருப்பி அனுப்பினேன்.
"வடக்கு உனக்குத் தெரியாதா, செராய்னா?"
தெரியும். தாளுக்குத் தெரியாது.

ஐந்தாம் நாள் பனி.
நாலாம் மாடிச் சமையலறை வரப்போகும் உயரத்தில்
மஞ்சள் மூக்கு மலைக்காகம் ஒன்று
அனுமதி கேளாமல் குடியேறியது.

பதினெட்டாம் நாள் எதிர்வீட்டு மெஞ்சா.
"ஜனவரியில் என் மேசைக்கு வெயில்
பதினொன்றே காலுக்கு வந்து
பன்னிரண்டுக்குப் போய்விடும்.
இப்போதே கம்பத்தின் நிழல்
ரொட்டியை இரண்டாக வெட்டுகிறது.
சுவர் வந்தால்?"

விதிப்புத்தகத்தில் உயரம் உண்டு,
எல்லைத் தூரம் உண்டு.
ரொட்டி இல்லை.
"நேராய்வு தேவை" என்று மட்டும் எழுதினேன்.

அவள் மேசையைச் சுற்றி மூவரும்
காத்திருந்தோம்.
நிழல் சொன்ன நேரத்துக்கு வந்தது.
டூரி தொப்பியைக் கழற்றி அதன்மேல் வைத்தான்.
நிழல் தொப்பிமேல் ஏறிக்கொண்டது.

மறுவாரம் திருத்திய வரைபடம்:
அதே நாலு மாடி, இரண்டு மீட்டர் மேற்கே.
ஓரத்தில் பென்சிலில்,
"மேசைக்குப் பதினெட்டு நிமிடம் மிச்சம்."
வடக்கு அம்பு
உள்ளங்கை அகலம்.

கம்பங்களைப் பிடுங்கித் தள்ளி நட்டார்கள்.
காகம் பழைய சமையலறையை
ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது.
விதிப்படி
மறுபடியும் இருபது நாள்.