உங்கள் பகுதியில் இல்லை

இன்றைக்குக் கொப்பு ஆடுகிறாள், இறுதி ஆட்டம்.
கொப்புடையாள் என்று முழுதாய்ச் சொன்னால்
அந்த நாட்டு வர்ணனையாளருக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.
ஏழாம் நம்பர் என்றுதான் சொல்வார்.

நூற்று நாற்பத்தொன்பது ரூபாய் கட்டியாயிற்று.
ஓடிபி வந்தது, காலாவதியானது, மறுபடி வந்தது.
நெல் அவிகிற வெக்கைக்குத் தப்பி
எடைமேடைக் கூண்டுக்குள் நாலு பேர்.
தவிட்டு மூட்டையில் சாய்த்து வைத்த ஒரே போன்.
தொட்டால்
கறுப்பில் வெள்ளை எழுத்து:
இந்த ஆட்டம் உங்கள் பகுதியில் இல்லை.

எங்கள் பகுதி என்றால் எது?
புதுவயலா, கண்டனூரா,
சாக்கோட்டைக்குப் போகிற கப்பி ரோடா?
அவள் முழங்கால் தோலில் பாதி
இந்த மில்லுக்குப் பின்னால்தான் கிடக்கிறது,
உமி கொட்டுகிற பொட்டலில்.
அது எந்தப் பகுதி?

செக்காலை ரோட்டில் போன் கடை வைத்திருக்கிற
தம்பியைக் கூப்பிட்டாள் சிட்டாள்.
"அக்கா, போனைக் கொஞ்ச நேரம்
நெதர்லாந்துக்கு அனுப்பணும்."
"அனுப்புடா. ஷிப்ட் முடியிறதுக்குள்ள வந்துரும்ல?"

போனது.
நாங்கள் புதுவயலில், போன் நெதர்லாந்தில்.
முதலில் பாலாடைக்கட்டி விளம்பரம்.
பிறகு ஒரு சைக்கிள், ஒரு குழந்தை, மறுபடி பாலாடைக்கட்டி.
சேவுகி கேட்டாள்: "இதை அவிச்சுத் திம்பாகளா?"
அதற்குள் முதல் பாதி முடிந்திருந்தது.

நீலத் தரை. சுற்றுகிற வட்டம்.
ஒரு கால். வட்டம்.
தோள்கள். வட்டம்.
ஜோகூரில் டிவி பார்க்கிற சிட்டாள் புருஷன்
எங்களுக்கு முன்னால் எல்லாம் தெரிந்தவனாய்
வாட்ஸப்பில் "ஐயோ" என்பான்.
எதற்கு ஐயோ? அதைச் சொல்ல மாட்டான்.
இரண்டு நிமிஷம் கழித்து "தப்பிச்சா."
வாயை மூடு என்று அனுப்பினால்
கட்டைவிரல் படம் வரும்.

ஒரு ரெய்டு முப்பது நொடி.
எங்கள் தாமதம் நாற்பது.
நாங்கள் பார்க்கையில் அவள் கோட்டைத் தாண்டுகிறாள்,
அங்கேயோ எப்போதோ திரும்பியிருப்பாள்,
அல்லது நாலு பேருக்கு அடியில் கிடப்பாள்.
நடந்து முடிந்ததற்கு
மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

கடைசி ரெய்டு. ஒரு புள்ளி பின்னால்.
படம் உறைந்தது.

"நீ சொல்லு, நீதானே கூட ஆடுனவ."
ஆறு வருஷம் அவளோடு ஆடினேன், வலது மூலையில்,
இடது முட்டி கழன்றுபோகும் வரைக்கும்.
குனிந்து பார்த்தேன்.
இடது குதிகால் தூக்கியிருக்கிறது.
தாடை நெஞ்சில்.
"வலப்பக்கம் போற மாதிரிக் காட்டுவா,
இடப்பக்கம் திரும்பிக் கையை நீட்டுவா,
மூலைக்காரி ஏமாந்து போவா.
ஜெயிச்சாச்சு, எழுதி வச்சுக்கங்க."

ஜோகூரிலிருந்து: "ஆத்தாடி."
அது எதற்கும் பொருந்தும்.

வட்டம் விலகியது.
அவள் வலப்பக்கம் போகவில்லை.
இடப்பக்கம் திரும்பவுமில்லை.
கைகோத்து வந்த இரண்டு பேரின்
தலைக்கு மேலே எழும்பி
பின்காலால் மூன்றாமவள் தோளைத் தட்டி
கோட்டுக்கு இந்தப்பக்கம் விழுந்தாள்.

எனக்குத் தெரியாத தாவல்.

இரண்டு வருஷம், பதினோரு ஆட்டம்,
ஒன்றுகூட எங்கள் பகுதியில் இல்லை.
அந்தக் கறுப்புத் திரைக்குப் பின்னால் எங்கேயோ
யாரோ கற்றுக்கொடுத்து, எத்தனை முறையோ விழுந்து
இதைப் பழகியிருக்கிறாள்.

"சொன்ன மாதிரியே ஜெயிச்சுட்டா!"
சிட்டாள் என்னைக் கட்டிக்கொண்டாள்,
உடம்பெல்லாம் தவிடு.
நான் தப்பாய்ச் சொன்னதை யாரும் கவனிக்கவில்லை.
ஆமாம் என்றேன்.

வெளியே லாரி ஹாரன்.
ஏற்றச் சொன்னேன், சீட்டு எழுதினேன்.
கோப்பையை அவள் வாங்குகிற இடத்தில்
பாலாடைக்கட்டி வந்தது.

அன்றைக்கு நான் போட்ட எடையில்
இருநூறு கிலோ தப்பு.
காலையில்தான் கண்டுபிடித்தார்கள்.